கீழ்மூடி

பலராமன் பட்டறைக்கு அந்த மூன்று டாங்கிகளும் டிரெய்லரில் வந்து இறங்கிய அன்று, திருவண்ணாமலையில் பாதி ஊர் தண்டராம்பட்டு ரோட்டில்தான் நின்றது. மீதிப் பாதி, சேதியைத் தாமதமாகச் சொன்னவனைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தது. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை அது. மிஞ்சிப்போனால் பஸ்ஸுக்குக் கூரை மாற்றியிருப்பார்கள். அங்கே போய், வெள்ளைக்காரன் அந்தப் பெரிய உலகச் சண்டையில் ஓட்டிய டாங்கி வந்து நின்றால் யாருக்குத்தான் வீட்டில் இருப்புக் கொள்ளும்? மேலே பீரங்கியோடு சுழலும் தலையை மட்டும் வேறெங்கோ கழற்றிவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். தலையிருந்த இடத்தில் கிணற்று வாய்போல் ஒரு வட்ட ஓட்டை. பட்டறை ஆட்கள் பார்த்த மாத்திரத்தில் பெயர் வைத்துவிட்டார்கள்: மொட்டை. கோயில் ஊரில் மொட்டைக்கு என்ன பஞ்சம், இன்னும் மூன்று சேர்ந்தது.

சண்டைக்கு லாயக்கில்லாத கிழட்டு டாங்கியை என்ன செய்வது என்று மேலே யாரோ யோசித்திருக்கிறார்கள். உருக்கினால் வெறும் இரும்பு. உருக்காமல் விட்டால், உள்ளே பத்துச் சிப்பாய்களை உட்காரவைத்துக் குண்டு பாயும் இடத்தில் கொண்டுபோய் இறக்கலாம். பீரங்கிக் குண்டுப் பெட்டிகளை ஏற்றிப் போகலாம். நல்ல யோசனைதான், குறை சொல்வதற்கில்லை. வேலையை எடுத்த மெட்ராஸ் காண்ட்ராக்டர் தன்னால் முடிந்ததை வைத்துக்கொண்டு மூன்றைப் பலராமன் பக்கம் தள்ளிவிட்டார். தலை ஓட்டைக்கு மேல் தகடு போட்டு நடுவில் இரட்டைக் கதவு வைக்கவேண்டும். பக்கத்துக்கு ஒரு பெஞ்சு. தரையில் குண்டுப் பெட்டி நிற்க இரும்பு அடுக்கு. பழைய துப்பாக்கித் துளை, அந்தத் துளை, இந்தத் துளை எல்லாவற்றையும் அடைக்கவேண்டும். மொத்தத்தில் ஓட்டை அடைக்கிற வேலை.

அடைக்கிறவன் சகாதேவன்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைவிக்கிற குடும்பத்துப் பிள்ளை. பட்டாளத்தில் சேர்ந்து டாங்கி ஓட்டினான். அறுபத்தைந்து சண்டையில் பஞ்சாப் எல்லையில் இருந்தான். திரும்பி வரும்போது வெல்டிங் கற்றுக்கொண்டு வந்தான். பட்டறையில் அவனுக்குப் பெயர் மிலிட்டரி. டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இடம் ஒதுக்குவார்கள். காட்டுப்பன்றி புகுந்தாலும் சரி, குடிகாரன் கத்தியை எடுத்தாலும் சரி, "மிலிட்டரியக் கூப்புடு" என்பார்கள். அவனும் போய் நிற்பான். ஊர் ஒருவனைத் தைரியசாலி என்று முடிவு கட்டிவிட்டால் அப்புறம் அவனால் லேசில் பயப்பட முடியாது.

அவனுக்கோ மூடிய இடம் என்றால் உயிர் போய் உயிர் வரும். கதவைச் சாத்திக்கொண்டு அவனால் தூங்க முடியாது. மார்கழிக் குளிரிலும் வீட்டு வாசற்கதவு திறந்துதான் கிடக்கும். அக்கம்பக்கத்தில் இதையும் பட்டாளத்துப் பழக்கம் என்று மெச்சிக்கொண்டார்கள். உண்மை தெரிந்தவள் அவன் பெண்டாட்டி திரௌபதி ஒருத்திதான். கல்யாணமான புதிதில், ஏன் இப்படி என்று அவள் விடாமல் கேட்டபோது ஒரே தடவை சொன்னான்.

இதே ஜாதி டாங்கிதான். சண்டையில் அடி விழுந்து மேல்மூடி கோணிக்கொண்டு இறுகிவிட்டது. உள்ளே பெட்ரோல் பற்றிக்கொண்டது. சகாதேவனுக்குக் கண் தெரியவில்லை, மூச்சு வரவில்லை. தரையைத் துழாவினான். இந்த டாங்கிகளில் முன்பக்கம் தரையில் ஒரு சின்ன மூடி உண்டு. நெம்புகோலை இழுத்தால் மூடி கழன்று கீழே விழும், வண்டிக்கும் மண்ணுக்கும் நடுவில் இருக்கிற முழ இடத்தில் ஊர்ந்து வெளியே வந்துவிடலாம். அப்படித்தான் வந்தான். அவன் காலைப் பிடித்துக்கொண்டே பின்னால் ராஜேந்திரன் வந்தான். போளூர்க்காரன், இவன் கூட்டாளி. ராஜேந்திரன் இன்னும் பட்டாளத்தில்தான் இருக்கிறான். வருஷா வருஷம் தீபத்துக்கு லீவு போட்டுக்கொண்டு வந்து சகாதேவனோடு மலை சுற்றிவிட்டுப் போவான். போன தீபத்துக்கு வந்தபோது, "டாங்கிய வுட்டுட்டோம்டா. இனிமே குண்டு ஏத்திக்கினு போற வண்டியாம், புதுசா வருதாம்" என்றான். அந்தப் புது வண்டி எங்கே செய்யப்படும் என்று அன்றைக்கு இருவருக்குமே தெரியாது.

முதல் மொட்டையில் வேலை ஆரம்பித்த வாரமே காண்ட்ராக்டர் ஆள் வந்து, குண்டு அடுக்கு எங்கே நிற்கவேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டான். கோடு நேராகக் கீழ்மூடிக்கு மேலே போனது.

"இத அடைச்சுடு மிலிட்டரி. அடுக்கு ஆடாம நிக்கணும்" என்றார் பலராமன்.

"மொதலாளி, கீழ ஒரு வழி இருக்கட்டுங்களே."

"அதான் மேல ரெண்டு கதவு வக்கிறமே, பத்தாதா?"

பத்தாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் பத்தாது என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் சொல்லப்போனால் புகையைச் சொல்லவேண்டும், துழாவியதைச் சொல்லவேண்டும், இப்போதும் ராத்திரியில் வேர்த்து எழுந்து உட்காருவதைச் சொல்லவேண்டும். சுற்றிலும் நாலு பேர் நின்று மிலிட்டரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சகாதேவன் வாயை மூடிக்கொண்டான். பாழாய்ப்போன கௌரவம், வேறென்ன! வாயை மூடிக்கொண்டதோடு விட்டானா, கீழ்மூடியையும் மூடினான். அதிலும் அரைகுறை வேலை அவனுக்குக் கை வராது. சுற்றிலும் ஒரு நூல் இடம் விடாமல், மீன் செதில் அடுக்கியதுபோல் வெல்டு வைத்தான். பலராமன் குனிந்து தடவிப் பார்த்து, "கையாடா இது" என்று கொண்டாடினார். இரண்டாவதற்கும் அப்படியே, மூன்றாவதற்கும் அப்படியே.

உள்ளே இறங்கி வேலை செய்ய மட்டும் அவன் ஒரு சட்டம் வைத்திருந்தான். மேலே ஒரு ஆள் நிற்கவேண்டும், கதவுகள் இரண்டும் மல்லாந்து கிடக்கவேண்டும். சாமான் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று காரணம் சொல்லிவைத்திருந்தான். பெயிண்டர் ராமன்தான் அப்படி நிற்பான். இரண்டு வண்டிகள் முடிந்து டிரெய்லர் ஏறிப் போயின. மூன்றாவது முடியவும் ஆயுத பூஜை வரவும் சரியாக இருந்தது.

பட்டறையில் ஆயுத பூஜை என்றால் அதற்கு மேல் திருவிழா கிடையாது. முதல் நாளே கழுவிப் பெருக்கி, சுத்தியிலிருந்து பட்டறைக்கல் வரை ஒன்று விடாமல் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பூஜையில் அடுக்குவார்கள். அடுக்கியதை மறுநாள் காலை மறுபூஜை போட்டுத்தான் எடுக்கவேண்டும். இந்த விஷயத்தில் அந்தப் பட்டறை மற்ற பட்டறைகளைவிடக் கறார். காரணம் ஃபிட்டர் கண்ணாயிரம். சில வருஷங்களுக்கு முன்னால், ரோட்டில் நின்றுபோன லாரிக்காரன் ஒருவனுக்கு இரக்கப்பட்டுப் பூஜையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். அதே மாதம் பெல்ட்டில் மாட்டி இரண்டு விரல் போயிற்று. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்களும் நானும் சொல்லலாம். விரல் நம்முடையதல்ல.

அந்த வருஷம் சாமான்களை எங்கே அடுக்குவது என்ற கேள்வியே எழவில்லை. நடு ஷெட்டில் மொட்டை நின்றது, பச்சை பெயிண்ட் காய்ந்து பளபளவென்று. அதன் மேல் தகடு அத்தனை சமமாக, ஒரு மேடை மாதிரி இருந்தது. "மிலிட்டரி வண்டி மேலயே வச்சுடலாம், போட்டோ கூட எடுக்கலாம்" என்றார் பலராமன். எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. குடும்பம் குட்டியோடு பட்டறை ஆட்கள் வந்து கூடினார்கள். இரண்டு வாழைக்கன்றுகளைப் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டினார்கள். செயின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மைக்செட்காரன் ஒலிபெருக்கியைக் கம்பத்தில் கட்டி, மலை அதிர்கிறாற்போல் பக்திப் பாட்டை அலறவிட்டான்.

பலராமன் பெண்டாட்டி ஜோதியம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். "உள்ள ஓட்டற எடத்துலயும் பொட்டு வக்கணும். யாராவது எறங்குங்க."

எல்லாரும் சகாதேவனைப் பார்த்தார்கள். அவன் ராமனைப் பார்த்தான். ராமன் மேலே ஏறி நின்றான். சகாதேவன் கிண்ணத்தோடு இறங்கி, முன்பக்கம் ஓட்டுநர் குழிக்குள் குனிந்து, லீவர்களுக்கு ஒவ்வொன்றாகப் பொட்டு வைக்க ஆரம்பித்தான்.

மேலே ராமனை யாரோ கூப்பிட்டார்கள். பூசணிக்காய் வந்துவிட்டது, வந்து தூக்கு என்று. போய் ஒரு எட்டில் வந்துவிடலாம் என்று இறங்கினான். பூசணிக்காயில் குழி தோண்டிக் குங்குமம் கொட்டச் சொன்னார்கள். கொட்டினான், மறந்தான். இந்தப் பக்கம் நாலு பேர் வண்டி மேல் ஏறினார்கள். கதவுகள் மல்லாந்து கிடந்தால் சாமான் எப்படி வைப்பது? சாத்தினார்கள். மேலே புதுத் துண்டை விரித்துச் சாமி படத்தை வைத்தார்கள். பட்டறைக்கல், வைஸ், செயின் பிளாக், ஜாக்கி, கேஸ் கட்டர், சுத்தி, ஸ்பேனர் என்று அடுக்கினார்கள். ஒரு மூட்டைப் பொரியைக் குவித்தார்கள். ஒருத்தனும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பார்ப்பானேன், மேலே நின்ற ராமனே இறங்கிப் போய்விட்டானே, மிலிட்டரியும் ஏறி வந்திருப்பான்!

சகாதேவனுக்குத் தெரிந்தது இருட்டு மட்டும்தான். குனிந்திருந்தவன் கையிலிருந்த கிண்ணம் சட்டென்று கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. மேலே கனமாக எதையோ வைக்கிற சத்தம் முதுகெலும்பில் இறங்கியது.

"ராமா" என்றான். சாதாரணமாகத்தான் கூப்பிட்டான். தவழ்ந்து வந்து கதவைத் தள்ளினான். அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினான். மேலே இன்னொரு சாமான் வந்து உட்கார்ந்தது. ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கிற சின்ன மூடிக்குத் திரும்பத் தவழ்ந்தான். அதன் வில் உடைந்து கிடந்ததால், புது வில் வருகிறவரை வெளியிலிருந்து பட்டை போட்டு முடுக்கியிருந்தார்கள். முடுக்கியவனும் அவன்தான்.

கத்தலாமா வேண்டாமா என்று அப்போதும் ஒரு கணம் யோசித்தான் என்றால் நம்புவீர்களா? வெளியே பெண்டுகள் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். மிலிட்டரி உள்ளே மாட்டிக்கொண்டு கத்தினான் என்று நாளைக்குப் பேச்சு வரும். அந்த நினைப்பு ஒரு மூச்சு நேரம்தான் நின்றது. அடுத்த மூச்சுக்குக் காற்றே கிடைக்கவில்லை. புதுப் பெயிண்டின் வாடை பழைய பெட்ரோல் வாடையாக மாறியது. இல்லாத புகை கண்ணைக் கரித்தது. "தொறங்கடா! தொறங்கடா!" என்று கத்தினான். கத்தியது தன் காதிலேயே வந்து மோதியது. வெளியே ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது.

தட்ட ஒரு சுத்தி வேண்டுமென்று துழாவினான். பட்டறையின் கடைசி ஸ்பேனர் வரைக்கும் மேலே சாமிக்கு முன்னால் படுத்திருந்தது. சந்தனக் கிண்ணம்தான் இருந்தது, பித்தளை. அதை வைத்து அடித்தான். பார்ப்பதற்கென்று முன்பக்கம் விட்டிருந்த கையகல இடுக்கில் வாயை வைத்துக் கத்தினான். இடுக்கில் ஒரு வாழையிலையும் யாரோ ஒருத்தியின் சேலைத் தலைப்பும் தெரிந்தன. தலைப்பு திரும்பக்கூட இல்லை.

அப்புறம் அவன் கைகள் அவனைக் கேட்காமலே தரைக்குப் போயின. பத்து வருஷத்துக்கு முன்னால் போன அதே இடத்துக்கு. குண்டு அடுக்குக்கு அடியில் கையை நுழைத்துத் தடவினான். மீன் செதில் ஒவ்வொன்றாக விரலுக்குத் தட்டுப்பட்டது. எங்காவது ஒரு இடத்தில் விட்டிருக்கிறானா என்று வட்டம் முழுக்கத் தடவினான். எங்கும் விடவில்லை. பாவி, ஒரு இடத்திலாவது சோம்பல் பட்டிருக்கக் கூடாதா! நகத்தால் பிராண்டினான். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். தரையில் குப்புற விழுந்து, பின்னால் யாரோ தன் காலைப் பிடித்திருப்பதுபோல் உதறிக்கொண்டான். ராஜேந்திரன் முகம் வந்தது. இதே தரையை இதேபோல் அவன் தடவுவதாக வந்தது. சகாதேவன் வாய்விட்டு அழுதான்.

வெளியே பூஜை அமோகமாக முடிந்தது. சூடம் காட்டினார்கள். பூசணிக்காயை உடைத்தார்கள். பலராமன் எல்லாருக்கும் பொரி அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தபோது கரண்ட் போயிற்று. அந்த நாளில் கரண்ட் போவதற்கு நல்ல நாள் கெட்ட நாள் கிடையாது. பாட்டு இழுத்து, முக்கி, அடங்கியது.

டங். டங். டங்.

"இன்னா சத்தம் அது?" என்றார் ஜோதியம்மாள்.

"வண்டிக்குள்ளருந்து வருது" என்றான் ராமன். சொன்ன பிறகுதான் அவன் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயையோ, மிலிட்டரி அண்ணன் உள்ள கீறாரு!"

எல்லாரும் ஓடிவந்து சூழ்ந்தார்கள். கண்ணாயிரம் இடுக்கில் கண்ணை வைத்தார். "சகாதேவா! உள்ளயா மாட்டிக்கின? ஒரு கொரல் குடுக்கறதுதானே?"

"கதவத் தொறங்கண்ணே."

"தொறக்கலாம்ப்பா. மேல பூஜ இருக்குது."

"கதவத் தொறங்கண்ணே."

ஜோதியம்மாள் கெட்டவர் இல்லை. யாருக்காவது ஒரு நோய் என்றால் முதலில் ஓடுகிறவர் அவர்தான். அவர்தான் சொன்னார்: "ராகு காலம் பொறந்துடுச்சு. இப்பப் போயி பூஜயக் கலைச்சா பட்டறைக்கு ஆகாது. இது கழிஞ்சதும் சூடம் காட்டிட்டு எடுத்துடலாம். உள்ள காத்து வருதில்ல தம்பி? செத்த பொறுத்துக்க."

"மிலிட்டரிக்காரன்டா நீ. பார்டர்ல பாக்காததா?" என்று பலராமன் சிரித்தார். "ஒக்காந்து ஒரு பீடி புடி. அந்த இடுக்குல பொரி குடுங்கப்பா அவனுக்கு."

நிஜமாகவே ஒருவன் இடுக்கில் பொரியைக் கொட்டினான். யாரும் கேலி செய்யவில்லை, அன்பாகத்தான் கொட்டினார்கள். அதுதான் கொடுமை.

கண்ணாயிரத்துக்கு யோசனை வந்தது. "அட, மேல எதுக்கு? கீழ ஒரு மூடி கீதே! வண்டி வந்தன்னிக்கே நான் பாத்தேன். அதுவழியா ஊந்து வந்துடுப்பா. பூஜையும் கலையாது."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பலராமன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தபடி, "அது... அடைச்சாச்சு" என்றார்.

அதற்கப்புறம் உள்ளே மறுபடி கேட்டது. "கதவத் தொறங்க. கதவத் தொறங்க. கதவத் தொறங்க." இப்போது அது கேட்கிற குரலாக இல்லை. பெண்களோடு பின்னால் நின்ற திரௌபதிக்கு அந்தக் குரல் தெரியும். தூக்கத்தில் வருகிற குரல். இடுப்பிலிருந்த பிள்ளையைப் பக்கத்தில் நின்றவள் கையில் திணித்தாள். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, செயின் சக்கரத்தில் காலை வைத்து மேலே ஏறினாள்.

"ஏய், ஏய், இன்னா பண்ற?" என்று ஜோதியம்மாள் பதறினார்.

திரௌபதி பொரிக் குவியலைக் காலால் ஒதுக்கினாள். சாமி படத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கீழே நின்ற ராமன் கையில் கொடுத்தாள். ஸ்பேனர்களும் சுத்திகளும் சரசரவென்று தரையில் விழுந்தன.

"தொடாதம்மா!" என்று கண்ணாயிரம் கத்தினார். "கைய வச்சா வெரலு போயிடும்மா!"

"போனாப் போவுது. பத்து கீது எங்கிட்ட."

பட்டறைக்கல் அவள் தூக்குகிற கனம் இல்லை. உட்கார்ந்து, இரண்டு காலையும் அதில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தாள். அது நகர்ந்து, சரிந்து, பலராமனுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் இறங்கியது. "மறுபூஜய நீங்க போட்டுக்கங்க மொதலாளியம்மா. எனக்கு எம் புருஷன் வேணும்" என்றாள். அப்புறம் ராமன் ஏறினான். வைஸைத் தூக்க இரண்டு பேர் ஏறினார்கள். கடைசியாகக் கண்ணாயிரமும் ஏறி, எட்டு விரலை வைத்துக்கொண்டு செயின் பிளாக்கை இழுத்தார்.

கதவு திறந்தது. சகாதேவன் வெளியே வந்தான். வந்தான் என்பதே மரியாதைக்குச் சொல்வது. இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினார்கள். முகமெல்லாம் கண்ணீர், சட்டையெல்லாம் சந்தனம், விரல் நுனியெல்லாம் ரத்தம். செயின் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். ஊர் முன்னால் மிலிட்டரியின் கௌரவம் அந்த நிமிஷத்தோடு தீர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"அறுபத்தஞ்சுல இதே வண்டி" என்றான், யாரையும் பார்க்காமல். "மேல இறுகிப் போச்சு. நெருப்பு. நானும் ராஜேந்திரனும் கீழ்மூடி வழியாத்தான் வந்தோம். அது இல்லன்னா நான் இல்ல."

பலராமன் அவன் பக்கத்தில் வந்து குனிந்தார். "இத ஏண்டா அன்னிக்கே சொல்லல?"

"பயந்தாங்கொள்ளின்னுவீங்க."

எழுந்தான். கீழே சிதறிக் கிடந்த பூஜைச் சாமான்களுக்குள் தேடி, குங்குமப் பொட்டோடு கிடந்த கேஸ் கட்டரை எடுத்தான். குழாயை மாட்டினான். ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னான்.

"எங்கடா போற?"

"கீழ்மூடிய அறுக்கப் போறேன்."

"காண்ட்ராக்டருக்கு நான் இன்னாடா பதில் சொல்றது? டிராயிங்ல அப்படித்தான்..."

"டிராயிங் போட்டவன உள்ள ஒக்கார வச்சுக் கதவ சாத்துங்க மொதலாளி. அவனே பதில் சொல்வான்."

ராகு காலம் கழியவில்லை. மறுபூஜை ஆகவில்லை. ஜோதியம்மாள் அவன் முகத்தையும் விரல்களையும் பார்த்தார். பிறகு சூடத்துத் தீப்பெட்டியை எடுத்து அவனிடம் நீட்டினார்.

இறங்கவேண்டுமே, மறுபடி! வெல்டு உள்பக்கம்தான் இருந்தது. கதவு வாயருகில் நின்றான். கால் வரமாட்டேன் என்றது. திரௌபதி கதவு நடுவில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டாள். "எங்காலு இங்கதான் கீது. இத வெட்டாம எவனும் கதவ சாத்த முடியாது. போ" என்றாள். அவன் போனான். அடுக்கின் போல்ட்டுகளைக் கழற்றி நகர்த்தினான். கட்டரைப் பற்றவைத்தான். பெயிண்ட் பொசுங்கிப் புகை வந்தது, இந்தத் தடவை நிஜப் புகை. இருமிக்கொண்டு, நடுவில் இரண்டு தடவை மேலே வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். தான் அடுக்கிய செதிலைத் தானே உரித்தான். கடைசியில் மூடி தொப்பென்று மண்ணில் விழுந்தது. ஓட்டையில் வெளிச்சம் வந்தது. வெளிச்சத்துக்குள் கண்ணாயிரத்தின் முகம் வந்தது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "வழி கெடச்சுடுச்சுப்பா" என்றார். சகாதேவன் கதவு வழியாக ஏறவில்லை. அந்த ஓட்டை வழியாகவே ஊர்ந்து வெளியே வந்தான்.

வந்தவன் முதலில் கேட்டது இதைத்தான்: "மொதலாளி, அந்த ரெண்டு வண்டி எங்க போச்சு?"

"மெட்ராஸ் போயி ரயில் ஏறிச்சு. அப்புறம் எங்க போச்சோ. மிலிட்டரி சமாச்சாரம், நமக்குச் சொல்வானா?"

பலராமன் அதோடு விட்டுவிடவில்லை, இரண்டு தடவை மெட்ராஸுக்கே போய்க் கேட்டுப் பார்த்தார். காண்ட்ராக்டர், உன் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார். மூன்றாவது வண்டி மட்டும், நகர்த்திவைத்த அடுக்கோடும் நெம்பினால் விழுகிற கீழ்மூடியோடும் போய்ச் சேர்ந்தது. சகாதேவன் வீட்டுக் கதவு முன்புபோலவே திறந்து கிடந்தது. ஆனால் இப்போது கதவைத் திறந்து வைத்தும் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

தீபத்துக்கு ராஜேந்திரன் வந்தான். கொஞ்சம் பெருத்திருந்தான், கன்னத்தில் புதிதாக ஒரு தீக்கொப்புளத் தழும்பு. காலையிலேயே இரண்டு பேரும் மலை சுற்றக் கிளம்பினார்கள். கூட்டம் நெரிந்தது. செங்கம் ரோட்டைத் தாண்டும்வரை ராஜேந்திரன் ஊர்க்கதை, பிள்ளைகள் கதை எல்லாம் சொன்னான். சகாதேவன் ஒரு கேள்வியை வாயில் வைத்துக்கொண்டு நடந்தான்.

"புது வண்டி வருதுன்னியே" என்றான் கடைசியில்.

"வந்துச்சு. வந்துச்சே அந்தச் சனியன்!" ராஜேந்திரன் நடுவழியில் நின்றுவிட்டான். "நம்ம பழைய டாங்கிதான், தலய எடுத்துட்டு. ஏறினதும் நான் மொதல்ல இன்னா பாத்திருப்பேன், நீயே சொல்லு. கீழ்மூடியத்தான். எவனோ ஒரு பாவி அத வச்சு அடைச்சிருக்கான்டா! சும்மா அடைக்கல. அறுக்க அறுக்க வரல. முழுசா ஒரு நாளு ஆச்சு எனக்கு. பொறி தெறிச்சு, இதோ பாரு, கன்னத்துல. ஒவ்வொரு பொறிக்கும் அவன் குடும்பத்தையே திட்டித் தீத்தேன். அப்படி ஒரு வெல்டு."

சகாதேவன் ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தான். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நான்தான்டா" என்றான்.

ராஜேந்திரன் புரியாமல் பார்த்தான். புரிந்த பிறகும் பார்த்தான். கையை நீட்டித் தூக்கிவிட்டான். இருவரும் நடந்தார்கள். அடி அண்ணாமலை தாண்டிய பிறகு ராஜேந்திரன் கேட்டான்:

"மொத்தம் எத்தினி அடைச்ச?"

"மூணு. ஒண்ண நானே அறுத்துட்டேன். ஒண்ண நீ அறுத்துட்ட."

"இன்னொண்ணு?"

கூட்டம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது, நிற்கவும் வழியில்லை.